ஊருக்கு மைதானமா? மைதானத்துக்கு ஊரா?

பட்டிமன்றத் தலைப்பு: ஊருக்குள் வரும் கோல்ப் மைதானம் உள்ளூர் மக்களுக்கு வரமா? சாபமா?

'சாபமே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது

    

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் பேராசிரியர் எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி கேட்டார். "கோல்ப் வந்தா ஊருக்கு வேலை வரும், ரோடு வரும், நிலத்துக்கு விலை வரும். இது மூணும் வந்தா உங்களுக்கு என்னய்யா வயித்தெரிச்சல்?" அப்படின்னு கேட்டார். நல்ல கேள்வி. இவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்டவர், பதிலையும் அவரே சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். (சிரிப்பு)

முதலில் இந்த விளையாட்டு என்னன்னு நம்ம தாய்மார்களுக்குச் சொல்லிடறேன். ஒரு சின்ன வெள்ளைப் பந்து. அதை ஒரு கம்பால அடிக்கணும். அடிச்சவரே நடந்து போய் அதைத் தேடணும். தேடிக் கண்டுபிடிச்சா மறுபடியும் அடிக்கணும். கடைசியில அது ஒரு குழிக்குள்ள விழணும். இப்படிப் பதினெட்டுக் குழி. "ஏங்க, அவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடின பந்தை மறுபடியும் ஏன் தூர அடிக்கிறாரு?" அப்படின்னு எங்க வீட்டுல கேட்டாங்க. இன்று வரைக்கும் என்னிடம் பதில் இல்லை. (சிரிப்பு, கைதட்டல்)

விளையாட்டைக் கேலி செய்ய நான் வரவில்லை. நான் சொல்ல வருவது அதன் பரப்பளவை. ஒரு கிரிக்கெட் மைதானத்துக்கு நாலைந்து ஏக்கர் இருந்தால் தாராளம். பதினெட்டுக் குழி கோல்ப் மைதானத்துக்கு 100 முதல் 200 ஏக்கர் வரை வேண்டும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். அந்த நாலேகால் அங்குலத்துக்காக ஒரு கிராமத்தின் மேய்ச்சல் நிலம் மொத்தமும் வேண்டியிருக்கிறது. ஆகவே இது விளையாட்டுப் பிரச்சினையே இல்லை. இது நிலப் பிரச்சினை, தண்ணீர்ப் பிரச்சினை, பாதைப் பிரச்சினை. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நிலமும் வேலையும்.

எதிரணியினர் ஸ்காட்லாந்தை உதாரணம் காட்டினார்கள். கோல்ப் பிறந்த பூமி என்றார்கள். மெத்தச் சரி. பிறந்த பூமியிலே அதன் ஜாதகம் எப்படி? 1457-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம் இந்த விளையாட்டைத் தடை செய்தது. காரணம், வாலிபப் பிள்ளைகள் வில்வித்தை பழகாமல் பந்தடிக்கப் போய்விடுகிறார்கள் என்று. பெத்த தாயே "இந்தப் பிள்ளை வேண்டாம்" என்று சொன்ன முதல் விளையாட்டு இதுவாகத்தான் இருக்கும். (சிரிப்பு)

அதே ஸ்காட்லாந்திலே, அபர்டீன் நகரத்துக்கு வடக்கே பத்துப் பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்தில், பால்மெடி என்று ஒரு கடலோர ஊர். பக்கத்திலே மெனி என்று ஒரு பண்ணை நிலம். 2006-ஆம் ஆண்டு அந்த நிலத்தை வாங்கியவர் டொனால்டு டிரம்ப். அப்போது அவர் அமெரிக்க ஜனாதிபதி இல்லை, கட்டடத் தொழிலதிபர். அவர் என்ன சொன்னார்? நூறு கோடி பவுண்டு முதலீடு. இரண்டு கோல்ப் மைதானம். 450 அறை கொண்ட ஓட்டல். 950 விடுமுறை வீடுகள். 500 குடியிருப்பு வீடுகள். 6,000 பேருக்கு வேலை. உலகத்திலேயே சிறந்த மைதானம்!

ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள்? இங்கேதான் நான் நேர்மையாகப் பேச வேண்டும். ஊர்க்காரர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஏராளமான பேர் வரவேற்றார்கள். கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள், அபர்டீன் வட்டாரத்து வர்த்தக சபை எல்லோரும் ஆதரித்தார்கள். அவர்கள் சொன்ன காரணமும் அற்பமானதல்ல. "வடகடல் எண்ணெயை நம்பி வாழற ஊருங்க இது. எண்ணெய் ஒருநாள் தீரும். அப்புறம் எங்க பிள்ளைங்க எங்க போவாங்க?" என்று கேட்டார்கள். அது ஒரு தகப்பனின் கேள்வி. அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஏன் எதிர்த்தார்கள்? அங்கே கடலோரத்தில் இருந்தது நகரும் மணல்மேடு. நம்ம தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றடித்தால் மணல் இடம்மாறும். அந்த மாதிரி, ஆண்டுக்கு ஆண்டு தானாக நகர்ந்துகொண்டே இருக்கின்ற மணல். அறிவியல் சிறப்புக்காக அரசாங்கமே பாதுகாத்து வைத்திருந்த பகுதி அதற்குள் இருந்தது. கோல்ப் மைதானத்துக்கு நகரும் மணல் ஆகாது. நேற்று வைத்த குழி இன்றைக்கு மூடிக்கொண்டால் என்ன செய்வது? ஆகவே புல்லை நட்டு மணலை நிறுத்தியாக வேண்டும். நடக்கிற குழந்தையின் காலைக் கட்டிப்போட்டு, "பாருங்க, இப்ப எவ்வளவு அழகா நிக்குது" என்று சொல்வது மாதிரி! (கைதட்டல்)

2007 நவம்பர் 29. வட்டார சபையின் குழு கூடுகிறது. ஆதரவாக 7 ஓட்டு, எதிராக 7 ஓட்டு. குழுத் தலைவர் தன் முடிவு ஓட்டைப் போட்டு, "அனுமதி இல்லை" என்றார். இரண்டு வாரத்திற்குள்ளே அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். விஷயத்தை ஸ்காட்லாந்து அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2008-இல் பொது விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரிகள், இயற்கைக்குக் கேடு உண்டு, ஆனாலும் பொருளாதார லாபம் அதைவிடப் பெரிது என்று எடைபோட்டார்கள். 2008 நவம்பரில் அனுமதி கிடைத்தது. 2012 ஜூலையில் மைதானம் திறக்கப்பட்டது.

நடுவர்: அப்ப தராசு முள்ளு லாபத்துப் பக்கம் சாஞ்சிருச்சே! உங்களுக்கு என்ன வேலை?

அய்யா, தராசிலே ஒரு தட்டில் வைத்தது நிஜமான மணல். இன்னொரு தட்டில் வைத்தது வாக்குறுதி. மணலை எடுத்தாச்சு. வாக்குறுதி வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டாமா? (கைதட்டல்)

திட்டம் முழுசாக் கட்டி முடிச்சா 6,000 வேலை என்றார்கள். 2018-ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கே நேரடியாக வேலை பார்த்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. 450 அறை ஓட்டல்? 2025 வரை எழும்பவில்லை. திறந்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு நஷ்டக் கணக்குதான் காட்டினார்கள். இரண்டாவது மைதானம் 2025 ஜூலையில் திறந்தது. ஆக, பந்தடிக்க இரண்டு இடம் வந்துவிட்டது; பிழைப்பு நடத்தச் சொன்ன இடம் வரவில்லை. அந்த மணல் என்ன ஆச்சு? 2020 டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே, "பாதுகாக்கிற அளவுக்கு அங்கே இனி அந்தச் சிறப்பு மிச்சமில்லை" என்று சொல்லி, அந்தப் பகுதியைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

பேராசிரியர் ஐயா, கடையில் கடன் சொல்லி வாங்கினால்கூட நோட்டில் எழுதி வைக்கிறான். ஒரு ஊரின் கடற்கரையைக் கடன் சொல்லி வாங்கிட்டுப் போனா, அந்த நோட்டு எங்கே? கேட்க வேண்டியவன் யார்?

அந்த ஊரிலே சில குடும்பங்கள் வீட்டை விற்க மாட்டோம் என்று நின்றார்கள். சாதாரண ஜனங்கள். அவர்கள் இடத்தையும் சேர்த்தே வரைபடம் போடப்பட்டது. கட்டாயமாகக் கையகப்படுத்தலாம் என்ற பேச்சு 2009-இல் எழுந்தது. சொந்த வீட்டிலே படுத்திருக்கிறவனுக்கு அந்தப் பேச்சு எப்படி இருக்கும்? 2011 ஜனவரியில்தான், அந்த நிலங்கள் தேவையில்லை என்று கம்பெனி சொன்னது. நடுவில் கழிந்த ராத்திரிகளுக்கு எந்தக் கணக்குப்பிள்ளையும் வட்டி போட மாட்டான்.

அதோடு முடிந்ததா? சில வீடுகளைச் சுற்றி மண்மேடு எழுப்பினார்கள். வேலி போட்டார்கள். மரத்தை நட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்த வீட்டில், ஜன்னலைத் திறந்தால் மண்மேடு தெரிந்தது. கதையின் சுவையான பகுதி இனிமேல்தான். அதே கடலுக்குள்ளே மின்சாரத்துக்காக 11 காற்றாடிகளை வைக்க ஒரு திட்டம் வந்தது. டிரம்ப் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. எதற்கு? "எங்க மைதானத்திலிருந்து பார்த்தா கடல் அழகு கெட்டுப்போகும்!" (பலத்த சிரிப்பு) 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். 2018-இல் காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பைவிட வழக்குதான் பிடிச்சிருக்கு. ஏன்னா, வீட்டு வாசலில் கடல் தெரியறது ஒரு உரிமை என்று ஊர்க்காரன் சொன்னபோது புரியாதவங்களுக்கு, தன் வாசலுக்கு வந்தபோது புரிஞ்சுது! (கைதட்டல்)

இரண்டாவது, தண்ணீர்.

ஸ்காட்லாந்தில் மழை பெய்கிறது, புல் தானாக வளர்கிறது. வெயில் காயும் ஊரில் அந்தப் புல்லை வளர்க்கணும்னா? வறண்ட பகுதியில் ஒரு பதினெட்டுக் குழி மைதானம் கோடைக் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் குடிக்கும். நம்ம நாட்டில் 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனுஷன் ஒருத்தனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று வைத்தார்கள்? 55 லிட்டர். குளிக்க, குடிக்க, துவைக்க எல்லாத்துக்கும் சேர்த்து. பத்து லட்சத்தை 55-ஆல் வகுத்துப் பாருங்கள். 18 ஆயிரம் பேர். ஒரு புல்தரை ஒரு நாளில் 18 ஆயிரம் பேர் பங்கைக் குடிக்குது. குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நிற்கின்ற என் தாய்மார்களிடம் இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. (கைதட்டல்)

நடுவர்: இப்பல்லாம் கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ணி ஊத்துறாங்கன்னு அந்த அணியில சொன்னாங்களே?

உண்மைதான் அய்யா. அப்படிச் செய்கின்ற மைதானங்கள் பல இருக்கின்றன. அதை நான் பாராட்டுகிறேன். ஆனால் அது தானாக வந்த ஞானம் இல்லை. ஊர்க்காரன் எழுந்து "எந்தத் தண்ணி?" என்று கேட்ட இடத்திலேதான் அந்த நிபந்தனை ஏறும். கேள்வி கேட்கிறவனை "வளர்ச்சிக்கு விரோதி" என்று உட்கார வைத்துவிட்டால், ஆழ்குழாய்தான் இறங்கும்.

மெக்சிகோ நாட்டிலே மோரெலோஸ் மாநிலத்தில் தெபோஸ்ட்லான் என்று ஒரு ஊர். தலைநகரத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. தேசியப் பூங்கா என்று 1937-லேயே அறிவித்த பகுதி அது. தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். 1995-இல் அங்கே ஒரு கோல்ப் மைதானமும் நூற்றுக்கணக்கான சொகுசு வீடுகளும் கட்டத் திட்டம் வந்தது. "இது எங்க ஊருக்குப் பொதுவான நிலம், விற்கவும் கூடாது வாங்கவும் கூடாது" என்று மக்கள் சொன்னார்கள். ஆகஸ்டு மாதம் நகர சபை அனுமதி கொடுத்துவிட்டது. சேதி தெரிந்ததும் கோயில் மணியை அடித்தார்கள். நம்ம ஊரில் தீ பிடிச்சா, வெள்ளம் வந்தா மணி அடிப்போமே, அந்த மாதிரி! ஜனங்கள் திரண்டு வந்து நகர மண்டபத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மேயரைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வரும் பாதைகளில் தடுப்பு வைத்தார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். பேட்டை பேட்டையாகக் கூடி, தங்கள் பழைய வழக்கப்படி, தாங்களே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். போலீஸ் இல்லாமல், முறைவைத்துத் தாங்களே காவல் காத்தார்கள்.

1996 ஏப்ரல் 10. விவசாயிகளின் தலைவர் சபாட்டாவின் நினைவு நாள். ஜனாதிபதியிடம் மனு கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். வழியிலே போலீஸ் மறித்தது. அடி விழுந்தது. துப்பாக்கி வெடித்தது. முதியவர் ஒருவர் செத்துப்போனார்.

(சிறிது அமைதி)

அடுத்த சில நாட்களில் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. நடுவர் அவர்களே, இதை நான் வெற்றி என்று சொல்லிக் கைதட்டல் வாங்க மாட்டேன். மனு கொடுக்கப் போன ஒரு பெரியவர் வீடு திரும்பவில்லை. "முடியாது" என்ற ஒரு சொல்லை, ஆகஸ்டு மாதமே காது கொடுத்துக் கேட்டிருந்தால், ஏப்ரல் மாதம் அந்த உயிர் இருந்திருக்கும். மக்கள் சொன்னது அதே சொல்தான். முதலில் வாயால் சொன்னார்கள், பிறகு மணியால் சொன்னார்கள், கடைசியில் உயிரால் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பந்து விளையாட்டுக்காக ஒரு ஊர் அந்த விலையைக் கொடுக்கணுமா? இதை வரம் என்று எந்த வாயால் சொல்வது?

மூன்றாவது, ரோடு. எதிரணிச் சகோதரி இதைத்தான் பெரிய ஆயுதமாகத் தூக்கினார்கள். "மைதானம் வந்தா ரோடு வரும், ரோடு வந்தா ஆம்புலன்ஸ் வரும், பஸ் வரும்" என்றார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கு. மறுபடியும் பால்மெடிக்கே போவோம். அந்த ஊரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையை அகலப்படுத்தினார்கள். 2018-இல் திறந்தார்கள். யார் போட்டது? அரசாங்கம். யார் பணம்? வரி கட்டின ஜனங்களின் பணம். அது அபர்டீன் சுற்றுச்சாலைத் திட்டத்தின் ஒரு பகுதி. மைதானம் வருவதற்கு முன்னாலேயே பேசப்பட்ட திட்டம். ஆக, ரோட்டுக்குக் கோல்ப் மைதானம் தேவைப்படவில்லை. அரசாங்கத்துக்கு மனசு இருந்தால் போதும்! ஆம்புலன்ஸ் வரணும்னா, அது ஊர்க்காரனுடைய உரிமை. பந்துக்குப் பின்னால வர்ற இனாம் இல்லை. (கைதட்டல்)

அதே தெபோஸ்ட்லானில் 2012-இல் நெடுஞ்சாலையை இரண்டு தடத்திலிருந்து நாலு தடமாக ஆக்க வந்தார்கள். மரங்கள் விழுந்தன. மக்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள். வழக்குப் போட்டார்கள், வேலை பல ஆண்டுகள் நின்றது. "ரோட்டையுமா எதிர்க்கிறான், இவன் காட்டுமிராண்டி" என்று சொல்வது சுலபம். ஆனால் ஊர்க்காரன் ரோட்டைப் பார்த்துக் கேட்கிற கேள்வி வேற. ரோடு போடுகிறவன், "எவ்வளவு வேகமாப் போகலாம்?" என்று கேட்கிறான். ஊர்க்காரன், "என் பிள்ளை எப்படிக் குறுக்கே போகும்?" என்று கேட்கிறான். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல். இந்தப் பக்கம் கோயில், அந்தப் பக்கம் குளம். அகலமான ரோடு வந்தா, காரில் வர்றவனுக்கு அது வழி. நடந்து போறவனுக்கு அது சுவர். செங்கல் இல்லாத சுவர்!

நில விலை ஏறும் என்றார் பேராசிரியர். ஏறும். மறுக்கவில்லை. ஆனா விலை ஏறினா யாருக்கு லாபம்? விற்கிறவனுக்கு. வாழ்கிறவனுக்கு? நேற்று 5 லட்சம் பெறுமான வீடு இன்றைக்கு 50 லட்சம். ரொம்பச் சந்தோஷம். அந்த வீட்டில் சமைக்கிற ரசம் பத்து மடங்கு ருசியா இருக்குமா? (சிரிப்பு) அவன் மகனுக்குக் கல்யாணம் ஆகி, பக்கத்துத் தெருவில் ஒரு வீடு வாங்கலாம்னு பார்த்தா, அதுவும் 50 லட்சம். அப்பன் பணக்காரன் ஆயிட்டான், மகன் ஊரைவிட்டுப் போயிட்டான். இதுதான் நில விலை ஏறுகிற ரகசியம்.

நடுவர்: மணி அடிக்கப் போறேன். அப்ப கோல்பே கூடாதுங்கறீங்களா?

முடிச்சிடறேன் அய்யா. கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அதற்கும் ஸ்காட்லாந்திலேயே சாட்சி இருக்கு. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு ஊர். உலகத்திலேயே புகழ்பெற்ற பழைய கோல்ப் மைதானம் அங்கேதான். அந்த நிலம் யாருடையது? ஊருடையது! 1552-ஆம் ஆண்டே ஊர்மக்களுக்கு அந்தக் கடற்கரை நிலத்தின் மேல் உள்ள உரிமையை எழுதி வைத்தார்கள். அங்கே பந்தாடும் உரிமை. இன்றைக்கும் அது பொது நிலம். 1974-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி உருவான ஒரு அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி நடக்கிற சமயம் தவிர, ஞாயிற்றுக்கிழமை அது ஊர்க்காரனுக்குப் பூங்கா. தாத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். நாய்க்குட்டி ஓடுகிறது. உலகச் சாம்பியன் நின்ற புல்லின் மேல் ஊர்க் குழந்தை உருண்டு புரள்கிறது.

இன்னொரு சேதி. அந்த மைதானத்தின் முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் குறுக்காக ஒரு பொதுப் பாதை போகிறது. பேர்கூடக் 'கிரானி கிளார்க்ஸ்' சந்து. அதாவது ஒரு பாட்டி பேரில் இருக்கிற சந்து! கடற்கரைக்குப் போகிற ஜனங்கள் அந்தப் பாதையில் நடந்தால், கோடீஸ்வர ஆட்டக்காரரும் கம்பை ஊன்றிக்கொண்டு காத்து நிற்கிறார். அங்கே பந்து நிற்குது, பாட்டி போறாங்க! (பலத்த கைதட்டல்) மற்ற இடத்திலே பாட்டி நிற்கிறாங்க, பந்து போகுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே எதிரணி நண்பர்கள் செயின்ட் ஆண்ட்ரூஸைக் காட்டி "வரம்" என்று சொன்னால், நான் கை கூப்பி ஒப்புக்கொள்வேன். ஆனால் அது ஊருக்குள் "வந்த" மைதானம் இல்லை, ஊர் தனக்காக வைத்துக்கொண்ட மைதானம். நம் தலைப்பு என்ன? "ஊருக்குள் வரும் கோல்ப் மைதானம்." வெளியிலிருந்து, வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிற மைதானம். அது வரும்போது ஊர் என்ன கேட்க வேண்டும்?

ஒன்று, கல் நடுவதற்கு முன்னாலே வரைபடத்தை விரித்து, எங்களுக்குப் புரியும் மொழியில் காட்டு. பாதை எந்த வீட்டு வாசலில் போகிறது என்று சொல். இரண்டு, வேலை, ஓட்டல், வீடு என்று நீ வாயால் சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதிக் கொடு. தேதி தவறினால் தண்டனை என்ன என்றும் எழுது. மூன்று, எந்தத் தண்ணீர், எவ்வளவு, கோடையில் பற்றாக்குறை வந்தால் முதலில் யாருக்கு நிறுத்துவாய், சொல். நான்கு, "வேண்டாம்" என்று சொல்லும் வீட்டுக்காரனைத் துரோகி என்று சொல்லாதே. அவன் ஒருத்தன் "வேண்டாம்" என்று நின்றால்தான், "வேண்டும்" என்று சொன்ன நூறு பேருக்கும் நியாயமான விலை கிடைக்கும்.

இந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு வருகிற மைதானம் இருந்தால், நானே போய் ஆரத்தி எடுக்கிறேன். கேட்காமல் வருவதைச் சாபம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

(மணி ஒலிக்கிறது)

நடுவர் அவர்களே! மணி அடித்துவிட்டீர்கள். தெபோஸ்ட்லானில் மணி அடித்தபோது ஊர் எழுந்தது. இங்கே மணி அடித்தால் நான் உட்கார வேண்டும். (சிரிப்பு) உட்காருவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. பால்மெடியில் ஆதரித்த அந்தத் தகப்பனும், எதிர்த்த அந்த வீட்டுக்காரனும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள். ஒருத்தன் மகனுடைய வேலையைப் பற்றிக் கவலைப்பட்டான், ஒருத்தன் வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டான். இரண்டு பேரும் ஊரைத்தான் நினைத்தார்கள். அந்த இரண்டு பேரையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு, நடுவிலே புகுந்து நிலத்தைக் கொண்டுபோவது வளர்ச்சி ஆகாது. ஊரைக் கேட்டு வருவது விருந்தாளி. கேட்காமல் வருவதற்கு நம்ம ஊரில் வேறு பேர் உண்டு. தொலைக்காட்சி என்பதால் அதை நான் சொல்லவில்லை. (சிரிப்பு)

பந்து போகிற ஊரா, பாட்டி போகிற ஊரா என்று கேட்டு, பாட்டி பக்கம் நல்ல தீர்ப்புத் தாருங்கள்.

(நீண்ட கைதட்டல்)